டொமைன் வாங்கும் முன் பத்துப் பேரைத் தேடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். இரவு நேரத்தில் டொமைன் பெயர்களை, அதாவது .காம், .இன் என்று முடியும் இணைய முகவரிகளை, வாங்கி விற்கிறேன். ஒரு பெயரைக் கையில் வைத்திருக்க வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2017-இல் தொடங்கியபோது முதல் மூன்று மாதத்தில் 140 பெயர் வாங்கினேன். எல்லாம் எனக்குப் பிடித்த பெயர்கள். இது யாருக்கு வேண்டும் என்று ஒரு பெயருக்குக்கூட யோசிக்கவில்லை. அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லி வரிசையாக மெயில் வந்தபோதுதான் தொழில் புரிந்தது. 131 பெயரை விட்டுவிட்டேன். அதனால் புதுப்பிப்புக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

.காம் பெயர்கள் எல்லாம் பதிவாகும் மூலப் பதிவேட்டை நடத்துவது வெரிசைன் நிறுவனம். 2024 செப்டம்பரில் அது தன் வருடக் கட்டணத்தை ஒரு பெயருக்கு 10.26 டாலர் ஆக்கியது. நமக்குப் பெயரை விற்கும் பதிவு நிறுவனத்தின் லாபம், வரி எல்லாம் சேர்ந்து எனக்குச் சுமார் 1,200 ரூபாய் ஆகிறது. முதல் வருடம் சலுகை விலையில் கொடுப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் வருட விலையை. நூறு பெயர் வைத்திருந்தால் வருடத்துக்கு 1,20,000 ரூபாய். சும்மா விற்பனைக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நூறில் ஒன்றோ இரண்டோதான் வருடத்தில் போகும் என்பது இந்தத் தொழிலில் பழகியவர்கள் சொல்லும் அளவு. அந்த ஒன்றிரண்டும் 1,20,000-க்கு மேல் கொண்டுவராவிட்டால் கைநஷ்டம். நான் 40 பெயருக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

கோடிக்கணக்கில் விற்ற கதைகளைக் கேட்டிருப்பீர்கள். வாய்ஸ்.காம் என்ற பெயர் 2019-இல் 3 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். விற்றது மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம், வாங்கியது பிளாக்.ஒன் நிறுவனம். அந்த மாதிரி ஒற்றைச் சொல் .காம் இன்று பதிவுக் கட்டணத்தில் யாருக்கும் கிடைக்காது. நம் கைக்கு எட்டுவது ஊர்ப் பெயரும் தொழிலும் சேர்ந்த பெயர்கள், குறிப்பிட்ட ஒரு பொருளின் பெயர்கள். இவற்றில் 15,000 முதல் 40,000 ரூபாய் வரை எடுக்கலாம்.

என் முறை ஒன்றுதான். ஒரு பெயரை வாங்கும் முன், அதை வாங்கக்கூடிய பத்துப் பேரின் போன் நம்பரைத் தாளில் எழுதுவேன். பத்து தேறாவிட்டால் வாங்க மாட்டேன்.

கோவையில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே ஒரு வேன் நின்றது. மொட்டைமாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்பவருடையது. வேன் முழுக்கப் பெரிய எழுத்தில் இணைய முகவரி; அது .இன்-இல் முடிந்தது. ஊர்ப் பெயரும் வாட்டர்ப்ரூஃபிங் என்ற சொல்லும் சேர்ந்த பெயர். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அதே பெயரில் .காம் காலியாக இருந்தது. உடனே வாங்கவில்லை. கூகுள் மேப்ஸில் அந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தேடினேன். 22 பேர் கிடைத்தார்கள், அதில் ஒன்பது பேர் பணம் கட்டி விளம்பரம் கொடுத்திருந்தார்கள். விளம்பரத்துக்குச் செலவு செய்கிறவருக்குப் பெயரின் அருமை தெரியும். அப்புறம்தான் வாங்கினேன்.

வேன்காரரிடம் முதலில் பேசவில்லை. வேறு ஆறு பேரிடம் பேசினேன். இருவர் விலை கேட்டார்கள், அதில் ஒருவர் 12,000 என்றார். இதற்குச் சந்தை இருக்கிறது என்று உறுதியானதும் வேன்காரரைக் கூப்பிட்டேன். “அண்ணே, உங்க வேன்ல இருக்கிற பேரு .காம்ல என்கிட்ட இருக்கு. வேணும்னா உங்களுக்குத் தர்றேன்” என்றேன். 40,000 கேட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள் .காம் என்று அடித்துவிட்டு சைட் திறக்கவில்லை என்று போன் செய்கிறார்கள் என்றார். 22,000-க்கு முடிந்தது. என் செலவு 900 ரூபாயும் மூன்று மாலை நேரமும்.

இதில் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டாதீர்கள். ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் உழைத்துச் சம்பாதித்த கடைப் பெயரையோ பிராண்டையோ பதிவு செய்துவைத்து அவரிடமே பணம் கேட்பது தவறு, சட்டப்படியும் நிற்காது. இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்க்க .காம் பெயர்களுக்கு 1999 முதல் யுடிஆர்பி என்ற விதிமுறை இருக்கிறது; .இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற விதிமுறை இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயர் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கும் முன் அரசின் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். புதுப்பிக்க மறந்துபோன ஒரு சின்னப் பள்ளியின் பெயர் ஒருமுறை எனக்குக் கிடைத்தது. பதிவுச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

காலாவதியான பெயர்களிலும் நல்லவை கிடைக்கும். .காம் ஒன்று காலாவதியானால் உடனே வெளியே வராது. 45 நாள் வரை உரிமையாளர் புதுப்பிக்க அவகாசம் இருக்கலாம். அது பதிவு நிறுவனத்தைப் பொறுத்தது. நீக்கப்பட்டபின் கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள். அதன்பின் 5 நாளில் எல்லோருக்கும் திறக்கும். நல்ல பெயர்களைப் பதிவு நிறுவனங்களே அதற்குள் ஏலம் விட்டுவிடும். எப்படிக் கிடைத்தாலும், இணையத் தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதன் பழைய பக்கங்களைப் பாருங்கள். நான் பார்க்காமல் எடுத்த ஒரு பெயரில் முன்பு சூதாட்டத் தளம் நடந்திருக்கிறது. வாங்க வந்தவர் அதைக் கண்டுபிடித்து விலகிவிட்டார்.

விலை வைக்க, விற்ற பெயர்களின் விலைகளைத் தொகுக்கும் நேம்பயோ தளத்தில் இதே மாதிரிப் பெயர்கள் எவ்வளவுக்குப் போயிருக்கின்றன என்று பாருங்கள். தானாக மதிப்புச் சொல்லும் கருவிகளை நம்பி விலை வைக்காதீர்கள். “உங்கள் பெயரை 8,000 டாலருக்கு வாங்குகிறேன், முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்று வாங்குங்கள்” என்று மெயில் வந்தால் அது மோசடி. சான்றுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவர்களுக்கு வேண்டும்.

கைமாற்றம் எளிது. முன்பின் தெரியாதவர், பெரிய தொகை என்றால் எஸ்க்ரோ.காம் மூலம் செய்யுங்கள்; பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் நின்று பிடித்துவைக்கும் தளம் அது. முகவரியை நீங்களே டைப் செய்து திறங்கள், மெயிலில் வந்த லிங்க்கை அழுத்த வேண்டாம். செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளில் விற்றால் கமிஷன் போகும், அதையும் சேர்த்தே விலை வையுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் பணம் வங்கியில் ஏறியபின் அவரை அதே பதிவு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கச் சொல்லி உள்ளேயே மாற்றிக்கொடுங்கள். ஏனென்றால் புதிதாகப் பதிந்த பெயரை 60 நாளுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. வாட்டர்ப்ரூஃபிங் அண்ணனுக்கு நான் அவர் கடைக்கே போய், அவர் மெயிலில் கணக்குத் தொடங்கி, பாஸ்வேர்டை அவர் கையாலேயே போடச் சொல்லி மாற்றிக்கொடுத்தேன். புதுப்பிக்கும் தேதியை அவருடைய மேஜைக் காலண்டரில் குறித்துவிட்டு வந்தேன். அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுபவர்.