காலையில் சங்ககிரி, மாலையில் தாரமங்கலம்: சேலத்திலிருந்து ஒரு நாள் பயணம்

சேலத்தைச் சுற்றிப் பழைய கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். கோயிலை முதலில் பார்த்துவிட்டுப் பதினொரு மணி வெயிலில் கோட்டை ஏறப் போனால், பாதி மலையிலேயே கால் ஓய்ந்துவிடும். அதனால் கோட்டை காலையில், கோயில் மாலையில்.

புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து சங்ககிரி வழியாக ஈரோடு போகும் பஸ்ஸில் விடியற்காலையிலேயே ஏறுங்கள். தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் சங்கரி துர்க் ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால் ஆட்டோ செலவு சேரும், பஸ்தான் வசதி.

ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். மேலே கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, டார்ச் ஆகியவற்றை ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். தேய்ந்த படியும் சரிந்த பாறையும் வழுக்கும், மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். சுனைகளின் ஓரம் பாசி பிடித்திருக்கும், அதில் கால் வைக்காதீர்கள்.

வாசல்களை ஓடிக் கடந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் நின்று, கீழிருந்து வருபவர் மேலே காவல் நிற்பவர் கண்ணில் எங்கே படுவார் என்று பாருங்கள். அப்போதுதான் இது வெறும் கல் மதிலாகத் தெரியாது. மைசூர் ஆட்சியில் இருந்த இந்தக் கோட்டை, திப்பு சுல்தானோடு செய்த 1792 ஒப்பந்தத்துக்குப் பின் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதான். ஆடி 18 அன்று அவருக்கு அஞ்சலி செலுத்தப் பெருங்கூட்டம் கூடும். நிதானமாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களைக் கண்டால் தயங்காமல் தடுங்கள். உரிந்துபோன சுண்ணாம்புப் பூச்சு திரும்ப வராது.

பத்தரை மணிக்குள் இறங்கிச் சாப்பிட்டு, வெயில் தாழும்வரை ஓய்வெடுங்கள். பிறகு சின்னப்பம்பட்டி வழியாக ஓமலூர் போகும் சாலையில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். நண்பகலில் சாத்தும் நடை மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும் என்பதால் அதற்குமுன் போய் நிற்பதில் பயனில்லை.

இந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசர்களான கெட்டி முதலிகள் வளர்த்த இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. சாயங்கால வெயில் நேராக வாசலுக்குள் விழும்; மாசியில் சில நாள் கருவறை லிங்கம்வரை எட்டும். மாலையில் வரச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். மண்டபத்தில் வாலி சுக்ரீவர் சண்டையிடும் தூணைத் தேடுங்கள். ராமர் இருக்கும் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலியின் இடத்தில் நின்றால் ராமர் தெரியமாட்டார். இரண்டு இடத்திலும் நின்று பார்த்தால்தான் சிற்பியின் கணக்கு விளங்கும், ஆகவே ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். டார்ச்சை நேராக அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் விரல் நகம்கூடத் தெரியும். படம் எடுக்குமுன் கோயில் ஊழியரிடம் கேட்டுவிடுங்கள்.

திரும்ப ஓமலூர் வழியாகச் சேலத்துக்குப் பஸ் உண்டு. கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே விசாரித்து வையுங்கள்.

நாமக்கல்லை இதே நாளில் சேர்க்காதீர்கள். ஒரே பாறையின் இரு பக்கமும் அதியர் காலத்துக் குடைவரைகள், மேலே கோட்டை. அதற்குத் தனியாக ஒரு காலைப் பொழுது வேண்டும்.