ரௌட்டர் ஓஎஸ் அப்கிரேடு: ரீலோட் கொடுப்பதற்கு முன்னால்

ரௌட்டரின் இயங்குதளத்தை (ஓஎஸ்) புதிய பதிப்புக்கு மாற்றும் அப்கிரேடில் ரீலோட், அதாவது மறுதொடக்கம், மிகச் சிறிய பகுதி. சொதப்பினால், காரணம் பெரும்பாலும் அதற்கு முன்னால் விட்டுப்போன ஒரு வேலையாகத்தான் இருக்கும். இங்கே சொல்வது சிஸ்கோ ஐஓஎஸ், ஐஓஎஸ் எக்ஸ்ஈ சாதனங்களுக்கு. ஜூனோஸ் போன்றவற்றில் கட்டளைகள் வேறு, வரிசை ஏறக்குறைய இதேதான்.

முதலில் ரிலீஸ் நோட்ஸ். இப்போதுள்ள பதிப்பிலிருந்து நேரே தாவலாமா, நடுவில் ஒரு பதிப்பில் இறங்கி ஏற வேண்டுமா? டிராமும் (வேலை நினைவகம்) ஃப்ளாஷும் (ஃபைல்கள் இருக்கும் நினைவகம்) போதுமா? எந்த வசதியை எடுத்துவிட்டார்கள்? கடைசிக் கேள்வியை யாரும் மதிப்பதில்லை. புதிய பதிப்புகள் பழைய எஸ்எஸ்ஹெச் சைஃபர்களை (தொலைவிலிருந்து உள்ளே நுழையப் பயன்படும் குறியாக்க முறைகளை) கைவிடுவதுண்டு. பெட்டி ஒழுங்காக எழுந்துவிடும், கண்காணிப்பு சர்வரால்தான் உள்ளே நுழைய முடியாது.

அடுத்து, இமேஜை, அதாவது புதிய ஓஎஸ் ஃபைலை, பெட்டிக்குக் கொண்டுவருவது. டிஎஃப்டிபி என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறை வேண்டாம். அதில் ஒரு பிளாக்குக்கு 512 பைட், பிளாக் எண்ணுக்கு 16 பிட். எண்கள் தீர்ந்துபோவதால் பழைய சர்வர்கள் 32 எம்பி அருகே வந்ததும் நின்றுவிடும். எஸ்எஸ்ஹெச் வழியே ஃபைல் அனுப்பும் எஸ்சிபியைப் பயன்படுத்துங்கள். இடம் போதாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் இமேஜைத் தவிர வேறு எதையாவது அழியுங்கள். பழைய இமேஜ்தான் நீங்கள் திரும்பி வரும் வழி. காப்பி முடிந்ததும் பெட்டியிலேயே 'வெரிஃபை எம்டி5' ஓட்டி, வரும் சரிபார்ப்பு எண்ணைத் தயாரிப்பாளர் வெளியிட்ட மதிப்போடு ஒப்பிடுங்கள். கணினியில் சரிபார்த்தது கணக்கில் வராது. பாதி இறங்கிய ஃபைலும் டைரக்டரியில் சரியான பெயரோடு சாதுவாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் பகலிலேயே செய்யக்கூடியது. மெயின்டனன்ஸ் விண்டோவை (சேவையை நிறுத்த ஒதுக்கிய நேரத்தை) ஃபைல் காப்பிக்குச் செலவழிக்காதீர்கள்.

இனி பூட் வரிசை. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கான்ஃபிகில் (ரௌட்டரின் அமைப்புகளில்) ஏற்கெனவே ஒரு 'பூட் சிஸ்டம்' வரி, அதாவது எந்த இமேஜில் எழ வேண்டும் என்று சொல்லும் வரி, இருந்தால், நீங்கள் சேர்க்கும் புதிய வரி அதற்குக் கீழேதான் போய் நிற்கும். பெட்டி மேலிருந்து படிக்கும். ரீலோட் முடிந்து 'ஷோ வெர்ஷன்' பார்த்தால் பழைய பதிப்பே சிரிக்கும். பழைய வரியை நீக்கி, புதியதை முதலில் போட்டு, பழையதை இரண்டாவதாகத் திரும்பச் சேருங்கள். சேவ் செய்யுங்கள். ஃபைல் பெயரைக் கையால் தட்டாமல் டைரக்டரியிலிருந்து நகலெடுங்கள்.

அதோடு, பெட்டி எப்படி எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் எண்ணான கான்ஃபிக் ரெஜிஸ்டரையும் பாருங்கள். ஹெக்ஸில் 2102 இருக்க வேண்டும். எப்போதோ யாரோ பாஸ்வேர்டு மீட்டுவிட்டு 2142 என்றே விட்டிருந்தால், ரீலோட் ஆனதும் ரௌட்டர் ஸ்டார்ட்அப் கான்ஃபிகைப் படிக்காமல் வெறுமையாக எழும். பழி புதிய இமேஜ் மேல் விழும்.

இன்ஸ்டால் மோடில் (இமேஜைப் பேக்கேஜ்களாகப் பிரித்து நிறுவும் முறையில்) உள்ள எக்ஸ்ஈ பெட்டிகளுக்கு இந்தக் கதை வேறு. அங்கே பூட் வரி 'packages.conf' ஃபைலைத்தான் காட்ட வேண்டும், '.bin' இமேஜ் ஃபைலை அல்ல. 'ஆட்' (சேர்), 'ஆக்டிவேட்' (இயக்கு), 'கமிட்' (நிலையாக்கு) மூன்றையும் ஒரே வரியில் கொடுக்கலாம், ஆனால் தனித்தனியாகக் கொடுப்பதே நல்லது. அப்படிச் செய்தால், கமிட் செய்யாத வரை ஒரு டைமர் ஓடும், பல மாடல்களில் இயல்பாக 2 மணி நேரம். அதற்குள் கமிட் வராவிட்டால் பெட்டி தானே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். தூரத்து சைட்டில் இதைவிடப் பெரிய துணை கிடையாது. இரண்டு சூப்பர்வைசர் (கட்டுப்பாட்டு அட்டை) உள்ள சேஸியில், மாற்றாகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை அட்டையின் ஃப்ளாஷிலும் இமேஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீலோடுக்குச் சற்று முன் ஒரு பதிவு எடுங்கள்: எழுந்திருக்கும் இன்டர்ஃபேஸ்கள், பிஜிபி (ரௌட்டர்கள் வழிகளைப் பகிரும் நெறிமுறை) அண்டை ரௌட்டர்கள், ஒவ்வொன்றிடமிருந்தும் வரும் பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) எண்ணிக்கை, ரூட் எண்ணிக்கை, ஆப்டிகல் பவர் (ஃபைபரில் ஒளியின் அளவு). "எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது" என்பது சோதனை ஆகாது. முன்பு 412 ரூட், இப்போது 409 என்றால், அந்த மூன்று எங்கே என்று தேட வேண்டும். கான்ஃபிகை வெளி சர்வரிலும், ஃப்ளாஷில் வேறு பெயரிலும் வையுங்கள்.

கன்சோல் கேபிள் (பெட்டியோடு நேரடி இணைப்பு) போட்டிருங்கள், வேகம் பெரும்பாலும் 9600 பாட். முதல் பூட்டில் சில மாடல்கள் பூட்லோடரையும் சேர்த்துப் புதுப்பிக்கும். திரை நெடுநேரம் அசையாது. செத்துவிட்டது என்று நினைத்துப் பவரைப் பிடுங்குபவர்தான் உண்மையில் அதைச் சாகடிக்கிறார். ஓஎஸ் எழாமல் ராம்மான் என்ற தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டால், கன்சோல் வழியே ஃபைல் அனுப்பும் எக்ஸ்மோடத்தை நம்பாதீர்கள். 9600 பாடில் நொடிக்கு 960 பைட்தான் போகும், 400 எம்பி இமேஜுக்கு ஏறக்குறைய ஐந்து நாள். யூஎஸ்பி போர்ட் உள்ள மாடல் என்றால், இரண்டு இமேஜும் உள்ள யூஎஸ்பி டிரைவ் கையில் இருக்கட்டும்.

எழுந்ததும் பதிவோடு ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தும் வரை சேவ் செய்யாதீர்கள். புதிய பதிப்பு சில வரிகளைத் தன் பாணிக்கு மாற்றியிருக்கலாம். பழைய பதிப்புக்குத் தெரியாத பாஸ்வேர்டு ஹாஷும் (பாஸ்வேர்டைச் சேமிக்கும் மறைவடிவமும்) அதில் இருக்கலாம். அதைச் சேவ் செய்துவிட்டுப் பின்னால் போனால் லாகினே கிடைக்காது. திரும்பத்தான் வேண்டும் என்றால் பழைய இமேஜோடு பழைய கான்ஃபிகையும் சேர்த்தே எடுத்துப்போங்கள். பழைய இமேஜை அழிக்க ஒரு வாரமாவது பொறுங்கள். மெமரி லீக் (நினைவகம் மெல்ல மெல்லத் தீரும் கோளாறு) முதல் இரவிலேயே தெரிந்துவிடாது.