அரபு நாட்டுக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

கெய்ரோவோ ரியாத்தோ, அட்மிஷன் கிடைத்தவுடன் எல்லாரும் பெட்டி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் மார்க்‌ஷீட்டையும் பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'எஸ். அருண்' என்றிருக்கும், இன்னொன்றில் அந்த எஸ் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து நிற்கும். இனிஷியல் வழக்கமே இல்லாத ஊரில் கிளார்க்குக்கு இது இரண்டு ஆள். எனக்கு இதிலேயே மூன்று வாரம் போனது. இரண்டும் ஒருவர்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வையுங்கள், அது போதுமா என்று பல்கலைக்கழகத்திடமும் மெயிலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் அசல்தான் என்று அரசு முத்திரை வாங்குவது. நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை, சான்றிதழ் எங்கே வழங்கப்பட்டது என்பதுதான் கணக்கு. கடலூர் மஞ்சக்குப்பத்துப் பிள்ளை பாண்டியில் டிகிரி வாங்கியிருந்தால் புதுச்சேரி அரசின் முத்திரை, பாண்டிப் பிள்ளை சிதம்பரத்தில் படித்திருந்தால் தமிழ்நாட்டு முத்திரை. அதன்பிறகு வெளியுறவு அமைச்சகம். ஒரு நாட்டு அரசின் ஒரே முத்திரையை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் சவூதி 2022 டிசம்பரில் வந்துவிட்டது, அதனால் அங்கே தூதரக முத்திரை தேவையில்லை. எகிப்து, எமிரேட்ஸ் என்றால் தூதரக முத்திரையும் வேண்டும், அதற்கு நாளாகும்.

அடுத்தது எண்கள். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கெய்ரோவில் இறங்கிய இரண்டாம் நாள் கோஷரி (அரிசி, பருப்பு, பாஸ்தா கலந்த சாப்பாடு) கடைப் பலகையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு புள்ளி. பூஜ்யத்தை எதற்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று முழித்துக்கொண்டு நின்றேன். அங்கே வட்டம்தான் 5, புள்ளிதான் பூஜ்யம், ஆக விலை 50 பவுண்டு! ஆங்கில வி மாதிரி இருந்தால் 7, அதையே கவிழ்த்தால் 8, நம் 7 மாதிரியே இருந்தால் 6. விமானத்திலேயே மனப்பாடம் பண்ணிவிடலாம், பஸ் நம்பருக்கும் இதுதான்.

மொழியில்தான் நிஜமான அடி விழும். ஊரில் இரண்டு வருடம் அரபி படித்துவிட்டுப் போனாலும் அது வகுப்பில் பேசும் ஃபுஸ்ஹா, தெருவில் பேசுவது ஆம்மிய்யா. 'என்ன வேண்டும்' என்பதற்குப் புத்தகத்தில் 'மாதா துரீத்', கெய்ரோ கடைக்காரர் வாயில் 'ஆயிஸ் ஏ'. மஸ்ஜித் அங்கே மஸ்கித். வெட்கப்படாமல் கடைக்காரரிடமே பேசிப் பழகுங்கள், நம் ஊர்ப் பையன்களோடு மட்டும் அறையில் அடைந்து கிடந்தால் நாக்கு திரும்பவே திரும்பாது.

கடைசியாக, எகிப்திலும் சவூதியிலும் வெள்ளி, சனிதான் லீவு. ஞாயிறு வகுப்பு உண்டு. வீட்டில் வெள்ளிக்கிழமை கூப்பிடச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அம்மா ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பு போட்டோ அனுப்பும் நேரத்தில் நீங்கள் இலக்கண வகுப்பில் இருப்பீர்கள்.