ஷூபெர்ட்டின் ‘மரணமும் நங்கையும்’: கர்நாடக சங்கீதம் கற்றவர் பாடும் முறை

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ வேறிடத்திலோ கர்நாடக வாய்ப்பாட்டுக் கற்ற மட்டக்களப்பார் ஒருவர், 1817இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் ஷூபெர்ட் இசையமைத்த இந்த ஜெர்மன் பாடலை எடுத்துக்கொண்டால், முதலில் சுருதிப்பெட்டியை நிறுத்திவிட வேண்டும். பியானோவின் இசைவுகள் இடம் மாறிக்கொண்டே செல்வதால், மாறாத சுருதி அவற்றோடு மோதும். மூலத்தில் ஆதார ஸ்வரம் 2 கட்டை, அதாவது மேற்கத்திய D. குரலுக்கு ஒவ்வாவிடில் மாற்றிப் பாடுவதில் குற்றமில்லை.

பாடலின் சொற்களான மத்தியாஸ் கிளாடியுஸின் கவிதையில் பேசுவோர் இருவர். விலகிப் போ, என்னைத் தொடாதே என்று நங்கை மன்றாடுகிறாள். கையைத் தா, நான் நண்பன், என் கரங்களில் மென்மையாய் உறங்குவாய் என்கிறது மரணம். நங்கையின் பகுதி சற்று விரைவானது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நம் குரல் அங்கே தானாகவே ஓங்கி எழும். ஆயினும் ‘தொடாதே’ என்பது மறுமுறை வரும்போது வலு குறைந்து தாழ வேண்டும். அதன்பின் வரும் மௌனத்தை அவசரப்பட்டுக் கடக்கலாகாது.

மரணத்தின் பகுதியே கடினமானது. அது பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் நிற்பதால், பழக்கத்தால் கமகம், அதாவது ஸ்வர அசைவு, சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் பாட்டே கெட்டுவிடும், ஏனெனில் குரல் அசையாதிருக்க, அடியில் பியானோ மாறுவதால்தான் உணர்ச்சி பிறக்கிறது. நெடில் ஒன்றும் குறில் இரண்டுமாக நடக்கும் தாளத்தில் சொற்களை முதலில் பேசிப் பழகி, பிறகு அதே அமைதியோடு மெல்லப் பாடுங்கள். அச்சமூட்டும் கனத்த குரல் வேண்டாம்; நம் தாய்மாரின் ஓராட்டில் பிள்ளை கண்ணயரும் வேளையில் தணியும் குரலே பொருத்தமானது. ‘ஷ்லாஃபென்’ (உறங்குதல்) என்ற கடைசிச் சொல்லின் முன் நம் நாக்கு இகரத்தைச் சேர்க்கும். அதைத் தனியே திருத்துங்கள். அச்சொல்லில் ஒரு ஸ்தாயி கீழிறங்கவும் ஷூபெர்ட் இடம் தருகிறார். மந்தர ஷட்ஜம் வெறும் காற்றாக வருமானால் மேல் ஸ்வரத்திலேயே நில்லுங்கள்.

அதுவரை நடபைரவி, கீரவாணி ராகங்களை நினைவூட்டிய பாடல், முடிவில் அந்தர காந்தாரம் தோன்ற, சங்கராபரணமாக ஒளிர்கிறது. தொடக்க இசை அந்த வண்ணத்தில் மீண்டும் வருகையில் பாடகருக்குப் பாட ஏதுமில்லை. பியானோ கலைஞர் விசைகளிலிருந்து கையெடுக்கும்வரை அசையாது நின்று கேட்க வேண்டும்.