காசிமேட்டில் ஓர் அசுணம்: சிறுவர் மாயக் கதை எழுதத் தொடங்குவோருக்கு

பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்தி யாருக்கும் தெரியாமல் ஒரு மாய உயிரை வளர்க்கிறாள். இப்படி ஒரு கதையைத் தொடங்கி முதல் பக்கத்திலேயே நின்றுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். வட சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் வைத்து ஒரு கதையைக் கட்டிக் காட்டுகிறேன். நீங்கள் உங்கள் தெருவில் வைத்துக் கட்டுங்கள்.

1. உயிரைத் தேர்ந்தெடுங்கள்

யாளி கோயில் தூணிலேயே நிற்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் பழம்பாடல்களில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அசுணம். இனிய இசைக்கு மயங்கி வரும். பறை அதிர்ந்தால் உயிரை விட்டுவிடும் என்பார்கள். இன்பமும் துன்பமும் சேர்த்துத் தரும் தலைவனின் மார்பை, அசுணம் கொல்பவரின் கைக்கு ஒப்பிடுகிறது நற்றிணையின் 304ஆம் பாடல். அது விலங்கா பறவையா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. எழுதுபவருக்கு அது வரம். பூனைக்குட்டி அளவு உடல், நனைந்த வெற்றிலை போலத் தொங்கும் பெரிய காதுகள் என்று நான் வரைந்துகொண்டேன்.

2. அதற்கு எது ஆகாது?

பறக்கும், நெருப்பு கக்கும் என்று அடுக்கத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். எதைத் தின்னும், எதற்கு நடுங்கும் என்று முதலில் எழுதுங்கள். வளர்ப்பவளின் ஒவ்வொரு நாளும் அதிலிருந்துதான் பிறக்கும். அசுணத்துக்குப் பறை ஆகாது. காசிமேட்டிலோ ஒரு சாவு விழுந்தால் தெருவே மேளத்தில் அதிரும். முடிச்சு தானாக விழுந்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மேளம் அடிப்பவரைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். அது அந்தத் தெருவின் துக்கம். அடிக்கும் பையன் அவளுடைய வகுப்புத் தோழனாகவே இருக்கட்டும். என்ன சொல்லி அவனை நிறுத்தச் சொல்வாள்?

3. ஒளித்து வைக்க இடம்

ஒரே அறையில் ஆயா, நைனா, அம்மா, தம்பி எல்லோரும் படுக்கும் வீடு. மச்சும் இல்லை, தோட்டமும் இல்லை. இங்கேதான் பலரும் திணறுகிறார்கள். ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஐஸும் மீனும் கொட்டி வைக்கும் அடியறை காலியாக இருக்கும். கோடை விடுமுறையும் அதே சமயத்தில் வருகிறது. ஆனால் படகுகளைப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். பக்கத்துப் படகில் சுத்தியல் விழும்போதெல்லாம் அவள் இரு கைகளாலும் அந்தக் காதுகளைப் பொத்த வேண்டும். தடை முடிந்ததும் படகு கடலுக்குப் போய்விடும். கதைக்குக் கெடுவும் கிடைத்துவிட்டது.

4. கிட்டே போய் எழுதுங்கள்

"அதன்மேல் அன்பு வைத்திருந்தாள்" என்று எழுதினால் குழந்தை பக்கத்தைப் புரட்டிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

மீன் வாடை போகாத மூலையில் சாக்கை விரித்தாள். ஆயாவின் தாலாட்டு மெட்டை வாய்க்குள்ளேயே முனகினாள். சுருண்டிருந்த காது ஒன்று மெல்ல விரிந்து அவள் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டது.

5. ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்

அவ்வளவு சிறிய வீட்டில் ரகசியம் முழுதாக ஒளியாது. ஆயாவுக்குத் தெரியும். ஆனால் அவரைப் பேச வைக்காதீர்கள். தெருமுனையில் சாமியானா போடுகிறார்கள். மேளம் இன்னும் தொடங்கவில்லை. பேத்தியின் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிப் பஞ்சை வைத்துவிட்டு, ஆயா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்.