பெயர் தெரியாத வட்டாரங்களின் சிவப்பு ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

பிரபல வட்டாரத்து ஒயின் வாங்கும்போது அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். ஹங்கேரியின் செக்சார்ட், கிரேக்கத்தின் நாவுசா, ஸ்பெயினின் ஹுமீயா என்றால் அந்தச் சுமை குறைவு. ஆனால் ஒரே புட்டியைத் திறந்து குடித்தால் எதுவும் பிடிபடாது. மூன்றை அருகருகே வையுங்கள்: செக்சார்ட்டின் கேக்ஃபிராங்கோஷ், நாவுசாவின் க்ஸினோமாவ்ரோ, ஹுமீயாவின் மொனாஸ்ட்ரெல். மூன்றும் திராட்சை வகையின் பெயர்கள். முதலாவதை ஆஸ்திரியாவில் பிளாஃபிராங்கிஷ் என்பார்கள்.

மலிவான ஒயின் கெட்ட பெயர் வாங்குவது பலசமயம் பரிமாறும் சூட்டினால்தான். 25 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறிப் பழமணத்தை அமுக்கிவிடும். 10 டிகிரிக்குக் கீழே போனால் மணம் அடங்கித் துவர்ப்பு முரடாகும். கேக்ஃபிராங்கோஷுக்கு 14 டிகிரி, மற்ற இரண்டுக்கும் 16 முதல் 18 டிகிரி சரி. அறை சூடாக இருந்தால் புட்டியை ஃப்ரிட்ஜில் வைத்து, இந்தச் சூட்டுக்கு இறங்கியதும் எடுங்கள். சற்றுக் கூடுதலாகக் குளிர்ந்தாலும் பாதகமில்லை, கோப்பையில் தானே ஏறிக்கொள்ளும்.

வாய் குறுகிய கோப்பையில் 50 மில்லி போதும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். க்ஸினோமாவ்ரோ வெளிறித் தெரியும், அதை நம்பி லேசான ஒயின் என்று ஏமாற வேண்டாம். முதலில் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். ஒரு சிறு மிடறை ஐந்தாறு நொடி வாய் முழுக்கப் புரட்டித் துப்புங்கள். துப்பாமல் விழுங்கினால் மூன்றாவது கோப்பைக்குள் நாக்கு மழுங்கிவிடும்.

இனிதான் முக்கியமான வேலை. துப்பியதும் வாயோரம் எச்சில் ஊறினால் அது புளிப்பு. நாக்கும் ஈறும் வறண்டு, கடுந்தேநீர் குடித்ததுபோல் இழுத்தால் துவர்ப்பு. தொண்டையில் சுட்டால் ஆல்கஹால். புதியவர்கள் முதல் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். க்ஸினோமாவ்ரோவில் இரண்டுமே தூக்கல். அந்தப் பெயரின் பொருளே 'புளிப்புக் கறுப்பு'தான். கேக்ஃபிராங்கோஷில் புளிப்பு முந்தி நிற்கும், துவர்ப்பு மிதம். வெயிலில் பழுத்த மொனாஸ்ட்ரெல் கனமாக, சூடாக இறங்கும். அதை முதலில் சுவைத்தால் மற்றவை நீர்த்ததாகத் தோன்றும் என்பதால் கடைசியில் வையுங்கள். நடுவே வெறும் ரொட்டி, தண்ணீர், இரண்டு நிமிட இடைவெளி.

ஒரு துண்டு கெட்டிப் பாலாடைக்கட்டியை மென்றபின் க்ஸினோமாவ்ரோவை மறுபடி சுவையுங்கள். புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் அதே ஒயின் மென்மையாகும். வெறும் வாயில் முரடு என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு.

ஈர அட்டை வாடை வந்தால் கார்க் கெடுத்த புட்டி. காற்றாட வைத்தாலும் தேறாது, கடையில் திருப்பிக் கொடுங்கள். அணைந்த தீக்குச்சி, அழுகிய முட்டை வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. அகன்ற பாத்திரத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு நீக்கியின் நெடி போகாது. கார்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு படிகங்கள் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு, குறையே அல்ல.

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சுற்று பாருங்கள். இளம் க்ஸினோமாவ்ரோவின் மணம் பலசமயம் அன்றைக்குத்தான் விரியும்.