தையல் ஊசியில் திசைகாட்டி: பிள்ளைகளோடு பத்து நிமிடம்

துருப்பிடிக்காத தையல் ஊசி ஒன்று, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், காசு அளவுக்கு வட்டமாக வெட்டிய தெர்மாகோல், பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர். இவ்வளவு போதும்.

காந்தத்தின் ஒரே முகத்தை ஊசியின் காதிலிருந்து முனை வரை இழுங்கள். முனை வந்ததும் காந்தத்தைத் தூக்கி, காற்றிலேயே காதுக்குக் கொண்டுவந்து மறுபடி இழுக்க வேண்டும். 40 தடவை. பிள்ளைகள் இங்கேதான் சொதப்புவார்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் ஏறிய காந்தம் அப்படியே இறங்கிவிடும். ஊசி ஒரு குண்டூசியை இழுத்தால் தயார். ஃபிரிட்ஜில் ஒட்டும் ரப்பர் காந்தம் வேண்டாம்; அதில் வடக்கும் தெற்கும் கோடு கோடாக மாறி மாறி இருக்கும்.

ஊசியைத் தெர்மாகோல்மேல் படுக்கவைத்து மிதக்கவிடுங்கள். மெல்லத் திரும்பி, வடக்கு தெற்காக நிற்கும். பூமியே ஒரு பெரிய காந்தம். அதன் ஆழத்தில் ஓடும் இரும்புக் குழம்பு செய்யும் வேலை இது. எந்த முனை வடக்கு? காலைச் சூரியனை வலக்கைப் பக்கம் வைத்து நின்றால் முகம் பார்ப்பது வடக்கு.

தெர்மாகோல் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதா? கிண்ணத்தை விளிம்பு ததும்ப நிரப்புங்கள், நடுவுக்கு வந்துவிடும். எவர்சில்வர் பாத்திரமும் பக்கத்தில் செல்போனும் கூடாது. ஊசி கீழே விழுந்தாலோ சூடுபட்டாலோ காந்தம் குறையும்; திரும்பத் தேய்த்துக்கொள்ளலாம்.